நாற்பத்து மூன்று டி.சி.

துணைவேந்தர் விடுதியை மூடியதால் நாற்பத்து மூன்று மாணவர்கள் பாதியிலேயே படிப்பை விட்டுப் போயிருந்தார்கள். பட்டம் வாங்குகிறவர்களின் விழுக்காடு அதல பாதாளத்தில் கிடந்தது. மறுநாள் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்குழு வருகிறது.

“அத்தனை பேரையும் பதிவேட்டிலிருந்து அடிச்சிடு, விழுக்காடு தானா ஏறிடும். இல்லேன்னா உன் வேலை போயிடும்!” துணைவேந்தர் எழுத்தர் பூங்கோதையிடம் சீறினார்.

“அவங்களே வந்து கையெழுத்துப் போட்டு டி.சி. வாங்கினாத்தான் பேரை எடுக்க முடியும் சார்.”

“அப்போ வரச்சொல்லித் தொலை!”

மறுநாள் காலை பத்து மணிக்கு வரச்சொன்னாள், பெட்டி படுக்கையோடு. குழுவும் பத்து மணிக்குத்தான் வந்து இறங்கியது.

வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துக் குழுத்தலைவர் கேட்டார்: “யார் இவங்கெல்லாம்?”

துணைவேந்தர் முந்திக்கொண்டார். “நம்ம... நம்ம மாணவர்கள்தான் சார்!”

பூங்கோதை விடுதிச் சாவியை அவரிடம் நீட்டினாள்.

“அப்போ திறந்துவிடுங்க சார். பிள்ளைங்க ரொம்ப நேரமா நிக்கிறாங்க.”