தெளிந்த தண்ணீர்

சென்னியப்பன் தண்ணியை விட்டு ஒரு வருஷம் ஆகப்போகிறது. எந்தத் தண்ணி என்று ஈரோட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மகள் பிறந்த நாளிலிருந்து அவள் காலேஜில் சேர்ந்தது வரை அவர் குடித்ததைத் தெருவே வேடிக்கை பார்த்தது. விட்டதைத்தான் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அது அவருக்குப் பெரிய மனக்குறை.

விட வைத்தவர் சிவகாமி அம்மா. தன் வீட்டு மாடியில் தியான மண்டபம் நடத்துகிறவர். சென்னியப்பனைவிட வயதில் நன்றாகவே இளையவர். ஆனாலும் அவருக்கு அம்மா அம்மாதான்.

அன்று உச்சி வெயிலில் சென்னியப்பன் தோளில் பையோடு மாடியேறினார்.

"உத்தரவு கொடுங்கம்மா. திருப்பூருக்குக் கிளம்பறேன். மச்சான் பனியன் கம்பெனியில வேலை இருக்குதாம்."

"அப்ப தாரணி?"

மகள் பேரைக் கேட்டதும் மனதில் கிடந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"நான் வீட்டுக்குள்ள போனா அவ எந்திரிச்சுப் போயிடறாம்மா. சோத்துல கை வெச்சிருந்தாலும் தட்டோட எந்திரிச்சுப் போறா. செல்போன் வாங்கிக் கொடுத்தேன், பெட்டியைக்கூடப் பிரிக்கலை. நான்தான் தெளிஞ்சுட்டனே! இன்னும் என்ன பண்ணோணும்? இதுக்குக் குடிச்சுட்டே கிடந்திருக்கலாம்."

வாய் தவறி வந்துவிட்டது. யாரிடம் சொன்னோம் என்பது பிறகுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார்.

சிவகாமி அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. மூலையிலிருந்த மீன் தொட்டியைக் காட்டினார். ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பக்தர் விட்டுப்போன தொட்டி அது.

"பஸ்ஸுக்கு நேரம் இருக்குதுங்களா? இதுக்குத் தண்ணி மாத்தோணும்."

குரு சொல்லிவிட்டால் மறுபேச்சு ஏது? சென்னியப்பன் பையை இறக்கி வைத்தார். டியூப் போட்டுப் பழைய தண்ணீரில் கொஞ்சத்தை வெளியேற்றினார். குழாயைத் திறந்தார். கார்ப்பரேஷன் தண்ணீர் குப்பென்று மருந்து வாடையோடு வந்தது. அதைத் துணியில் வடித்து, பிறகு கரி வடிகட்டியிலும் விட்டு எடுத்தார். ஒன்றில் இறங்கிவிட்டால் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை அவர். குடியையும் அப்படித்தான் குடித்தார். வாளியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி நின்றது. மோந்து பார்த்தார். வாடையே இல்லை.

ஒரு மக் மொண்டு தொட்டியில் ஊற்றினார்.

மீன்கள் விருட்டென்று எதிர் மூலைக்குப் போய் ஒண்டிக்கொண்டன.

அவருக்கு முகம் சுண்டிவிட்டது.

"ஏம்மா, தண்ணி தெளிஞ்சுதானே இருக்குது?"

"தெளிஞ்சுதான் இருக்குது."

"மருந்து வாடைகூட இல்லீங்க."

"இல்லைதான்."

"அப்புறம் எதுக்கு ஓடுது?"

"ஒரு கையை வாளியில விடுங்க. இன்னொரு கையைத் தொட்டியில விடுங்க."

விட்டார். இரண்டுக்கும் நடுவில் அப்படியே குனிந்து நின்றார்.

"வாளித் தண்ணி சுடுதுங்க."

"வெயில்ல காஞ்ச குழாயில வந்துச்சு. சுடாம என்ன செய்யும்? தண்ணி மேல தப்பில்லைங்க."

சென்னியப்பன் மூலையில் ஒண்டியிருந்த மீன்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மீன் மேலயும் தப்பில்லைதான்," என்றார் மெதுவாக.

"இல்லைங்க."

மனுஷனுக்குப் பொறுமை மட்டும் இன்னும் வந்தபாடில்லை. சட்டென்று நிமிர்ந்தார்.

"கீழ கடையில ஐஸ் கிடைக்கும். வாளிக்குள்ள ரெண்டு கட்டி போட்டா உடனே ஆறிடுமே!"

"ஐஸ் வெச்சுத்தான் பார்த்துட்டீங்களே," என்றார் சிவகாமி அம்மா. "பெட்டியைப் பிரிச்சாளா?"

சென்னியப்பனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. ஈரக்கையாலேயே துடைத்துக்கொண்டார்.

"தானா ஆற எவ்வளவு நேரமாகுமுங்க?"

"ஆறும்போது ஆறும். எந்தக் கை வாளியில இருக்குது, எந்தக் கை தொட்டியில இருக்குதுன்னு உங்களுக்கே தெரியாமப் போகோணும். அப்பவும் ஒரேயடியாக் கவுத்துராதீங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க."

கீழே தெருவில் பஸ் ஸ்டாண்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்தது. சென்னியப்பன் பையைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"அதுவரைக்கும் இந்த வாளியை எங்க வைக்கறதுங்கம்மா?"

"தொட்டிக்குப் பக்கத்துலயே வைங்க. திருப்பூர்ல கொண்டுபோய் வெச்சா திருப்பூர்ச் சூடுதானுங்க வரும்."