நயீமாவின் படம்

சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் கலர் சரிபார்க்கும் வேலை பார்த்தவள் சொர்ணவல்லி. பனிமலை, ஏரி, பூந்தோட்டம் என்று உலகமே அவள் மேஜைமேல் தாள் தாளாக வந்து போனது. ஒன்றையும் நேரில் கண்டதில்லை.

ஓய்வு பெற்றதும் ஒரு கேமரா வாங்கினாள். மதுரையில் நிலோஃபர் நடத்திய புகைப்பட வகுப்பில் போய்ச் சேர்ந்தாள். நிலோஃபர் காயல்பட்டினத்துப் பெண். சொர்ணவல்லியின் கடைசி மகளைவிடச் சின்னவள். ஆனாலும் சொர்ணவல்லிக்கு வாய்க்கு வாய் டீச்சர்தான். டீச்சர் நின்றுகொண்டிருந்தால் அவளும் உட்கார மாட்டாள்.

அந்த டீச்சரோடுதான் முதன்முதலாக விமானம் ஏறி மொராக்கோவுக்குப் போனாள்.

ஃபெஸ் என்ற பழைய ஊர். எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். ஒரு முடுக்கில் தோல் ஊறும் நாற்றம், அடுத்த முடுக்கில் புதினா வாசனை. செம்பு தட்டுகிற சத்தம் காதைத் துளைத்தது. "பாலக்! பாலக்!" என்று கழுதைக்காரர்கள் கத்திக்கொண்டு வந்தார்கள். விலகு என்று அர்த்தமாம். சொர்ணவல்லிக்கு எங்கே விலகுவது என்று தெரியவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாள். பேட்டரி தீரும்வரை எடுத்தாள்.

சாயங்காலம் தங்குமிடத்தில் உட்கார்ந்து எடுத்ததையெல்லாம் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கேமராவைத் தள்ளி வைத்தாள்.

"எல்லாமே காலண்டர் மாதிரி இருக்கு டீச்சர். இம்புட்டுத் தூரம் வந்து இதையா எடுத்தேன்? இனிமே நான் எங்க வரப்போறேன்? எங்க தப்புப் பண்றேன், சொல்லுங்க."

நிலோஃபர் சாப்பாட்டுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்கம்மா. ஆறிப்போவுது."

மறுநாள் காலை ஒரு சந்துமுனையில் சொர்ணவல்லி கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றாள். மேலே மரச்சட்டங்களின் வழியே வெயில் கீற்றுக் கீற்றாக விழுந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் ஒரு பெண் வந்தாள். தலையில் பலகை. பலகைமேல் துணி மூடிய ரொட்டி மாவு. அந்த ஊரில் மாவை வீட்டில் பிசைந்து, தெருவுக்குப் பொதுவான அடுப்பில் கொண்டுபோய்ச் சுட்டுவருவார்கள்.

சொர்ணவல்லி அமுக்கிவிட்டாள்.

சத்தம் கேட்டு அந்தப் பெண் நிமிர்ந்தாள். கேமராவைக் கண்டதும் சட்டென்று கையால் முகத்தை மறைத்தாள். பலகை சரிந்தது. மாவு ஈரத்தரையில் விழுந்தது. பின்னால் வந்த கழுதை அதை மிதித்துக்கொண்டு போனது.

அந்தப் பெண் கத்தினாள். சொர்ணவல்லிக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆனால் எல்லாம் புரிந்தது. திரும்பி, பின்னால் நின்ற டீச்சரைப் பார்த்தாள்.

நிலோஃபருக்குச் சின்ன வயதில் படித்த அரபி கொஞ்சம் இருந்தது. அந்த ஊர்ப் பேச்சு வேறு மாதிரி. பாதி வார்த்தையும் பாதி கையசைவுமாகப் பேசிவிட்டுத் திரும்பினாள்.

"இவங்க பேரு நயீமா. மத்தியானத்துக்கு வெச்சிருந்த மாவாம். பிள்ளைங்க பள்ளிக்கூடத்துலேருந்து வந்துருமாம்."

"தெரியாம நடந்துபோச்சு, மன்னிச்சிருங்கன்னு சொல்லுங்க டீச்சர். நாம ரூமுக்குப் போயிரலாம். எனக்கு இந்தக் கேமராவே வேண்டாம்."

"மாவு பிசைவீங்களாம்மா?"

"என்னது?"

"பிசைவீங்களா, மாட்டீங்களா?"

"பிசைவேன்."

நிலோஃபர் நயீமாவிடம் ஏதோ சொன்னாள். நயீமா சொர்ணவல்லியை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பலகையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

வீடு பக்கத்திலேயே இருந்தது. சொர்ணவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு புது மாவின் முன் உட்கார்ந்தாள். சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்தாள். நயீமா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் மணிக்கட்டைப் பிடித்து, இப்படி அமுக்கு, இப்படி மடி என்று காட்டினாள். சொர்ணவல்லி மறுபடியும் சப்பாத்திக்கே போனாள். நயீமாவுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

மாவு உப்பும்வரை டீ குடித்தார்கள். நயீமா சொர்ணவல்லியின் மூக்குத்தியைத் தொட்டுப் பார்த்து, வலித்ததா என்று முகத்தைச் சுளித்துக் கேட்டாள். சொர்ணவல்லி தலையை ஆட்டி, கண்ணீர் வழிந்ததாக விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

பிறகு மூவரும் அடுப்புக்குப் போனார்கள். இந்தமுறை பலகை சொர்ணவல்லியின் தலையில். நயீமா முன்னால் போய் "பாலக்! பாலக்!" என்று கத்தி வழி விலக்கினாள்.

சுட்ட ரொட்டியோடு வீடு திரும்பியதும் நயீமா கேமராவைக் காட்டி ஏதோ கேட்டாள்.

"அந்தப் படத்தைப் பார்க்கணுமாம்" என்றாள் நிலோஃபர்.

சொர்ணவல்லியும் அப்போதுதான் அதைப் பார்த்தாள். கீற்று வெயில், தலையில் பலகை, ஏதோ நினைப்பில் பாதி மலர்ந்த முகம். தன் கைதான் எடுத்ததா என்று இருந்தது. நிலோஃபரும் எட்டிப் பார்த்தாள்.

நயீமா வெகுநேரம் பார்த்தாள். மெதுவாக ஏதோ சொன்னாள். நிலோஃபர் அதைத் தமிழில் சொன்னாள்.

"படம் நல்லா இருக்காம். ஆனா வேண்டாமாம். அழிச்சிரச் சொல்றாங்க."

"டீச்சர்..."

"அவங்க சொன்னதைச் சொல்லிட்டேன்."

சொர்ணவல்லி படத்தை அழித்தாள். திரை வெறுமையானது. நயீமா நிம்மதியாகத் தலையசைத்து, ரொட்டியைப் பிட்டு அவள் கையில் கொடுத்தாள்.

அந்தக் கேமராவில் இரண்டு மெமரி கார்டு உண்டு. எடுக்கிற ஒவ்வொரு படமும் இரண்டிலும் பதியும். ஒன்று கெட்டாலும் மற்றொன்று இருக்கட்டும் என்று நிலோஃபர்தான் அப்படி அமைத்துக் கொடுத்திருந்தாள். ஒன்றில் அழித்தால் மற்றொன்றில் அழியாது. அது நயீமாவுக்குத் தெரியாது.

சொர்ணவல்லி டீச்சரைப் பார்த்தாள். நிலோஃபர் டீ கிளாஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கையிலிருந்த ரொட்டியில் சூடு இருந்தது. சொர்ணவல்லி அதைத் தட்டில் வைத்தாள். கேமராவின் பக்கவாட்டு மூடியைத் திறந்து இரண்டாவது கார்டைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்து நயீமாவிடம் காட்டினாள். பிறகு அதை மட்டும் திரும்பக் கேமராவில் போட்டு, அதிலிருந்த படத்தைத் திரையில் கொண்டுவந்தாள். நயீமாவின் விரலைப் பிடித்து அழிக்கும் பொத்தான்மேல் வைத்தாள்.

நயீமா அமுக்கினாள். அமுக்கிவிட்டு நிமிர்ந்து சொர்ணவல்லியைப் பார்த்தாள்.

இருவரும் திரும்பி நடந்தார்கள். செம்புக் கடைகளைத் தாண்டியதும் சொர்ணவல்லி கேட்டாள்.

"நான் எடுத்ததுலயே நல்ல படம் அதுதானே டீச்சர்?"

"ஆமா."

"இனிமே அப்படி ஒண்ணு எடுப்பேனா?"

"தெரியலம்மா."

"அப்ப நீங்களாவது ஒரு வார்த்தை தடுத்திருக்கலாம்ல?"

நிலோஃபர் நின்றாள்.

"பொத்தானை அமுக்கிட்டு அவங்க உங்களைப் பார்த்தாங்களே, கவனிச்சீங்களா?"

"பாத்தேன்."

"இத்தனை வருஷமா ஊர் ஊராக் கேமராவைத் தூக்கிட்டு அலையிறேன். என்னை ஒருத்தரும் அப்படிப் பார்த்ததில்லம்மா."