மலருக்கு வைத்த சமன் மீன்

"ரீச்சர், நீங்கள் சொன்ன மாதிரியே எல்லாம் செய்தன். அவ சாப்பிடுறா இல்லை."

சற்குணநாதன் வாசலில் நின்றபடியே இதைச் சொன்னார். குடையை மடக்கக்கூட மறந்துபோனார். நோர்வேயின் பேர்கன் நகரில் மழைக்குக் குறைவில்லை, மனிதர் பாதி நனைந்திருந்தார்.

"உள்ளுக்க வாங்கோ அண்ணை. முதல் சப்பாத்தைக் கழட்டுங்கோ" என்றாள் வதனி.

வதனி வயதில் அவரைவிட நல்லாய் இளையவள். ஹோட்டல் ஒன்றில் தலைமைச் சமையல்காரி. சனிக்கிழமைகளில் தன் வீட்டுக் குசினியில் வகுப்பு வைப்பாள். படிக்க வருவதெல்லாம் கலியாணம் கட்டப்போகிற பிள்ளைகள். அவர்களுக்கு நடுவில் தலை நரைத்த மாணவர் இவர் ஒருத்தர்தான்.

காலம் முழுக்க பஸ் ஓட்டின மனிதர். வீட்டில் தேத்தண்ணிகூடத் தானாய் ஊற்றிக் குடித்ததில்லை. மனைவி தவமலருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து, மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகுதான் குசினிக்குள் காலை வைத்தார். அது நல்ல காலத்துக்கு வைத்த கால் இல்லை.

"அவ கேட்ட சாப்பாடுதானே?" என்றாள் வதனி.

"அவவேதான் கேட்டவ. முந்தி வேலையிடத்தில ஒருக்கா தேன் போட்டு வேகவைச்ச சமன் சாப்பிட்டவவாம். அது இருந்தால் சாப்பிடலாம் போல கிடக்கு எண்டு சொன்னா. அதுக்குத்தானே உங்களிட்ட வந்தனான்."

கடையில் என்ன பெயரில் விற்றாலும் சால்மன் மீன் எங்கட சனத்துக்குச் சமன்தான். ஊரில் ரின்னில் அடைத்து வந்த காலத்துப் பெயர். அதை இனி ஆராலும் மாற்ற ஏலாது.

"சாப்பிடுறா இல்லையெண்டால்?"

"ஒரு துண்டு வாயில வைப்பா. பிறகு தட்டைத் தள்ளிவிடுவா. பசிக்கேல்லையாம்."

அவர் கதிரையின் நுனியில் இருந்தார்.

"புதன்கிழமை ஆசுப்பத்திரியில இருந்து நேர்ஸ் வருவா. அதுக்குள்ள வாயால சாப்பிடத் தொடங்காட்டில் மூக்கால குழாய் விடுவினமாம். மலர் இந்தப் புற்றுநோய் வருத்தத்துக்குப் பயப்பிடேல்லை ரீச்சர். அந்தக் குழாய்க்குத்தான் பயப்பிடுறா. கனவிலயும் அதைத்தான் சொல்லுறா."

வதனி ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"எப்பிடிச் செய்தனீங்கள், சொல்லுங்கோ."

"தேன், சோயா சோஸ், குத்தின உள்ளி, இஞ்சி, கொஞ்சம் மிளகாய்த் தூள். எல்லாத்தையும் குழைச்சு மீனில தடவி ஊறவிட்டன். அவண் அடுப்பைச் சூடாக்கி உள்ளுக்க வைச்சன்."

"எவ்வளவு நேரம்?"

"வேகுமட்டும்."

"வெந்ததெண்டு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. அதுதான் பிறகும் கொஞ்ச நேரம் விட்டன். வருத்தக்காரிக்குக் குடுக்கிற சாப்பாடு, பச்சையாய் இருந்தால் கூடாதெல்லே."

"அண்ணை, நீங்கள் அவணுக்குள்ள கருவாடு போட்டிருக்கிறியள்."

சற்குணநாதன் சிரிக்கவில்லை.

"முள்ளுக்கரண்டியால தொட்டுப் பாருங்கோ. இதழ் இதழாய்க் கழரும். கழன்ற உடன வெளியில எடுங்கோ."

அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

திங்கட்கிழமை திரும்பி வந்தார். இந்தமுறை சப்பாத்தைத் தானாகவே கழற்றினார்.

"இப்ப இதழ் இதழாய்க் கழருது ரீச்சர். மேல பாகு மாதிரிப் பளபளக்குது. மணத்துக்குப் பக்கத்து வீட்டு நோர்வேக்காரி வந்து கதவைத் தட்டினவ. மலர் மட்டும் சாப்பிடேல்லை."

"ம்."

"என்ர கைக்குச் சமையல் வராதெண்டு சொல்லுங்கோ. நான் போறன். சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்."

வதனி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். சமன் மீன் துண்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"செய்யுங்கோ."

"இப்பவோ?"

"புதன்கிழமைக்குப் பிறகு செய்து என்ன பிரயோசனம்?"

அவர் கை கழுவினார். உள்ளியைக் குத்தினார், இஞ்சியைத் துருவினார். தேனும் சோயா சோஸும் ஊற்றி, தூள் போட்டுக் குழைத்தார். கை பழகிவிட்டிருந்தது. ஒன்றையும் சிந்தவில்லை.

குழைக்கும்போது ஒரு துளி அவருடைய பெருவிரலில் பட்டது. போய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டு வந்தார்.

வதனி அதைப் பார்த்தாள்.

மீன் ஊறியது, வெந்தது. முள்ளுக்கரண்டியால் தொட, இதழ் இதழாய்க் கழன்றது. ஹோட்டலில் அவளுக்குக் கீழே வேலை செய்கிறவர்கள்கூட இவ்வளவு சரியாய் எடுக்கமாட்டார்கள்.

"இனி நான்தான் மலரக்கா" என்றாள் வதனி. "வீட்டில அவவுக்கு எப்பிடிக் குடுப்பியளோ, அப்பிடியே எனக்குத் தாங்கோ."

"பகிடி விடாதேங்கோ ரீச்சர்."

"நான் பகிடி விடுற ஆளோ?"

இல்லைத்தான். அது ஊருக்கே தெரியும்.

சற்குணநாதன் ட்ரேயில் இருந்த துண்டுகளில் நடுத்துண்டாய்ப் பார்த்து எடுத்தார். தடவிப் பார்த்து இரண்டு முள்ளை உருவினார். தட்டில் குசினியில் இருந்த கொஞ்சம் சோறு, அவித்த போஞ்சிக்காய், மேலே மீன். தட்டை வதனிக்கு முன்னால் வைத்தார். வலப்பக்கம் தண்ணீர்க் கிளாசை வைத்தார்.

பிறகு ஓரடி பின்னால் போய், கையைக் கட்டிக்கொண்டு சற்று நேரம் நின்றார். சத்தம் போடாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

நடையில் நின்றார். வீட்டிலும் இப்படித்தான் நிற்பார். உள்ளே கரண்டிச் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு நிற்பார்.

ஒரு சத்தமும் வரவில்லை.

ஊதுபத்தி மணம் வந்தது.

கதவைத் திறந்தார். தட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. தட்டுக்குப் பக்கத்தில் ஒரு வாழைப்பழம். அதில் குத்தின ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. வதனி எழுந்து, சுவரோரமாய்க் கைகூப்பி நின்றாள்.

அவருடைய முகம் கறுத்துப்போனது.

"என்ன இது?"

"படையல்."

"என்ர மனிசி உயிரோட இருக்கிறா."

"ஓம். உயிரோடதான் இருக்கிறா."

"பிறகென்ன விசர் வேலை இது? நீரும் ஒரு படிச்ச பிள்ளையோ?"

ரீச்சர் என்பதும் போய் நீங்கள் என்பதும் போய்விட்டது. வதனி அதைப் பொருட்படுத்தவில்லை.

"அண்ணை, இந்த வாழைப்பழமும் ஊதுபத்தியும் மட்டும்தான் என்ர. மிச்சமெல்லாம் நீங்கள் செய்தது."

அவர் தட்டையும், தான் சாத்தியிருந்த கதவையும் பார்த்தார். கதிரையைப் பிடித்து இருந்தார்.

எங்கட ஊரில் ஒருத்தர் செத்தால், எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து வைப்பார்கள். மீன், இறைச்சி, குடிக்கிற ஆளென்றால் சாராயமும் வரும். சமைக்கிறவர் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. படைத்துவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும், செத்தவர் வந்து ஆறுதலாய்ச் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று. வீட்டார் சாப்பிடுவது அதற்குப் பிறகுதான்.

"அப்பான்ர எட்டுக்கு அம்மாவோட அடுப்படியில நிண்டனான்" என்றார் சற்குணநாதன். குரல் இறங்கிவிட்டது. "நான் நிண்டு பார்த்த சமையல் அது ஒண்டுதான். வேற தெரியாது."

வதனி ஊதுபத்தியைப் பிடுங்கித் தண்ணீரில் நனைத்தாள்.

"உப்புப் பார்த்தனீங்களோ?"

"அவவுக்கெண்டு செய்யிறதில நான் வாய் வைக்கிறதில்லை."

"கதவை ஏன் சாத்துறியள்?"

"அவ தட்டைத் தள்ளிவிடுறதைப் பார்க்க என்னால ஏலாது ரீச்சர். நெஞ்சு வெடிச்சுப்போகும்."

"நீங்கள் எப்ப சாப்பிடுறனீங்கள்?"

"அவ தள்ளிவிட்ட பிறகு. மிச்சத்தைக் குசினியில நிண்டபடி."

வதனி இன்னொரு தட்டை எடுத்தாள். மீனை இரண்டாய்ப் பிய்த்து, ஒரு பாதியை அவர் பக்கம் தள்ளினாள். மறுபாதியைத் தான் சாப்பிடத் தொடங்கினாள்.

"சாப்பிடுங்கோ. ஆறப்போகுது."

அவர் சாப்பிட்டார். சூட்டோடு, இருந்து, ஒருத்தருக்கு முன்னால். முதல் வாயை விழுங்கவே கஷ்டப்பட்டார். அடுத்தது இறங்கியது.

"இனிப்புக் கூடிப்போச்சு" என்றார்.

"எனக்கு அளவாய்த்தான் இருக்கு."

இன்னொரு வாய் வைத்துப் பார்த்தார்.

"இல்லை, கூடத்தான்."

"மலரக்காவுக்கு?"

சற்குணநாதன் கரண்டியை வைத்தார். அது அவருக்குத் தெரியாது. பிறகு எழும்பித் தட்டைக் கழுவி வைத்தார், சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனார். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. வதனியும் எதிர்பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம்.

மீனில் தடவக் குழைத்ததில் சற்குணநாதன் விரலை விட்டு நக்கிப் பார்த்தார். யாரும் கண்டார்களோ என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தார். குசினியில் யார் இருக்கப்போகிறார்கள். இன்னும் கொஞ்சம் சோயா சோஸ் விட்டு, திரும்பவும் நக்கினார்.

மலர் யன்னல் பக்கத்து மேசையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்தாள். அவர் தட்டை முன்னால் வைத்தார். அவள் கரண்டியைத் தொட்டுவிட்டு, கதவு சாத்தும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள்.

அவர் போய் இன்னொரு தட்டோடு வந்தார். கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் இருந்தார்.

"என்ன?" என்றாள் மலர்.

"பசிக்குது."

அது பொய்யில்லை. மனிதர் காலையில் இருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. சோற்றைக் குழைத்து, மீனைப் பிய்த்து, வாய் நிறைய வைத்தார். இடையில் ஒரு முள்ளைத் துப்பினார். முதல் ஐந்தாறு வாய்க்குத் தலையை நிமிர்த்தவேயில்லை.

மலர் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எப்பிடி இருக்கு?" என்று அவள்தான் கேட்டாள்.

"இனிப்பு. ஆனால் பிழையில்லை. உமக்கு?"

மலர் ஒரு சின்னத் துண்டை வாயில் வைத்தாள். வழக்கம்போல முகத்தைச் சுளித்தாள். தட்டைத் தள்ளக் கை போனது. சற்குணநாதனுக்குக் கதிரையில் இருந்து எழும்பவேண்டும் போல இருந்தது. இருந்தார்.

"சொல்லுமப்பா. உமக்கு எப்பிடி இருக்கு?"

"இரும்பு."

"என்ன?"

"இரும்பு மாதிரி இருக்கு. பழைய ஆணியை வாயில போட்ட மாதிரி. மருந்து ஏத்தினதில இருந்து இனிப்பு எது பட்டாலும் எனக்கு இரும்புதான்."

"தேனுமோ?"

"தேன்தான் எல்லாத்திலும் மோசம்."

சற்குணநாதன் தன் தட்டைப் பார்த்தார். தேன் பாகு மினுங்கியது. அதை அப்படி மினுங்க வைப்பதற்குத்தான் அவர் இவ்வளவு பாடுபட்டுப் படித்தார்.

"அப்ப என்ன ருசி தெரியுது உமக்கு?"

மலர் யோசித்தாள். இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைத்திருக்கவில்லைப் போல.

"புளி தெரியும். உறைப்பும் கொஞ்சம் தெரியும்."

அவர் குசினிக்குப் போய் ஒரு தேசிக்காயை வெட்டிக்கொண்டு வந்தார். கதவு திறந்தே கிடந்தது. அவளுடைய துண்டின் மேலிருந்த பாகைக் கரண்டியால் சுரண்டி எடுத்தார். தேன் போகாத உள்சதையைப் பிரித்து வைத்தார். மேலே அந்த எலுமிச்சைப் புளியைப் பிழிந்து, மிளகாய்த் தூளைத் துளி தூவினார்.

மலர் வாயில் வைத்தாள். மென்றாள். விழுங்கினாள்.

அவர் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அடுத்த துண்டை எடுத்தாள். பிறகு கொஞ்சம் சோறும் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் பிழியுங்கோ."

பிழிந்தார். ஒரு விதை சோற்றில் விழுந்தது. மலர் அதை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். பாதித் துண்டு போய்விட்டது. தட்டு அவளுக்குக் கிட்டவே இருந்தது.

அவருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. கூடவே கோபமும் வந்தது. எங்கட ஆம்பிளையளுக்கு இரண்டும் ஒன்றாய்த்தான் வரும்.

"நான் மடையன் மாதிரித் தேனை ஊத்தோ ஊத்தெண்டு ஊத்தியிருக்கிறன். இதை நீர் முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்தானே?"

மலர் வாயில் இருந்ததை ஆறுதலாய் மென்று விழுங்கினாள்.

"ஆரிட்ட?" என்றாள்.