ஒன்பது வளைவும் ஒரு துடைப்பமும்

மணிமலை நாட்டு மன்னர் குமரகண்ட பூபதிக்கு ஹைட்ரஜன் ஆசை வந்தது. தென்கடலோர ஆலையில் உருவாகும் வாயு, குழாய் வழியே வடகோடி இரும்பாலை வரை நாடு முழுக்கப் போக வேண்டும். பாதையை வரையும் வேலை அரசவையின் மதியூகி வேம்பனுக்கு வந்தது.

வேம்பன் ஸ்கேலை வைத்து நேராக ஒரு கோடு போட்டான். வம்பு அங்கேதான் தொடங்கியது. அந்த நாட்டில் ஒரு வழக்கம். அரசு போடும் சாலையோ கால்வாயோ எந்த ஊரில் திரும்புகிறதோ, அங்கே அந்த ஊர்ப் பெரிய மனிதர் பெயரில் கல்வெட்டு வைப்பார்கள். நேர்கோட்டில் கல்வெட்டுக்கு ஏது இடம்? அமைச்சர்கள் எட்டுப் பேரும் பென்சிலோடு வந்துவிட்டார்கள். தன் ஊர்ப்பக்கம் லேசாக வளையட்டும் என்றார் ஒருவர். மாமனார் ஊரை விட்டுவிட்டாயே என்று கோபித்துக்கொண்டார் இன்னொருவர். மூன்றே நாளில் வரைபடம் ஜிலேபி ஆகிவிட்டது.

தலைமை அமைச்சர் மழவராயருக்கு இதில் தனிச் சந்தோஷம். வேம்பன் இடத்தில் தன் மைத்துனனை உட்காரவைக்க நெடுநாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். விஷயத்தை மன்னர் காதில் போட்டார். மன்னர் வேம்பனைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை சபைக்குக் குழாய் நேராக வர வேண்டும். எந்த அமைச்சரும் முகம் சுளிக்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் நீ வீட்டுக்குப் போகலாம்."

வேம்பன் ஆலைக்குப் போய், தொழிலாளர்களோடு இரண்டு நாள் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினான்.

வெள்ளிக்கிழமை அதே ஜிலேபியைச் சபையில் விரித்தான். மழவராயர் மீசைக்குள் சிரித்தார். ஹைட்ரஜனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை என்று வேம்பன் விளக்கினான். கசிந்து தீப்பிடித்தால் பகலில் சுடர்கூடத் தெரியாது. அதனால் ஆலைக்காரர்கள் துடைப்பத்தை முன்னால் நீட்டியபடி நடப்பார்கள். துடைப்பம் எரிந்தால் அங்கே தீ. குழாய் திரும்பும் இடத்தில்தான் ஒட்டு அதிகம், கசிவுக்கும் வாய்ப்பு அதிகம்.

"ஆகவே திறப்பு விழாவில் ஒவ்வொரு வளைவிலும் துடைப்பம் பிடித்து முதலில் நடக்கும் மரியாதை, கல்வெட்டில் பெயர் உள்ளவருக்கே" என்று முடித்தான்.



"துடைப்பம் எவ்வளவு நீளம்?" என்றார் மழவராயர்.

"ஆறடி, அமைச்சரே. தங்களுக்கு வேண்டுமானால் எட்டடியாகச் செய்யச் சொல்கிறேன்."

தன் ஊரில் மண்ணுக்கடியில் முழுக்கப் பாறை, குழாய் பதிக்க முடியாது என்பது மழவராயருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. தன் ஊர் ஜனங்களுக்கு விளம்பரமே பிடிக்காது என்றார் அடுத்தவர். சாப்பாட்டு வேளைக்குள் எட்டுப் பேரும் அவரவர் வளைவை அவரவர் கையாலேயே அழித்திருந்தார்கள்.

"யாரும் முகம் சுளிக்கவில்லை, அரசே" என்றான் வேம்பன்.

மன்னர் குனிந்து பார்த்தார். கோட்டின் நடுவே ஒரு வளைவு இன்னும் மிச்சம் இருந்தது.

"இது எவருடையது?"

"தங்கள் வசந்த மாளிகை, அரசே. போன வாரம் தாங்களே வந்து வரைந்தது." ஆலையிலிருந்து கொண்டுவந்திருந்த துடைப்பத்தை இரண்டு கைகளாலும் பணிவோடு நீட்டினான்.

 மன்னர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வேலையில் நீயே இரு, வேம்பா. முதலில் அந்த ரப்பரை இப்படிக் கொடு."