ஏழு குன்றுக் கூட்டணியில் சேர்ந்த பன்றிகள்

நாணல்குளத்தின் மேற்குக் கரையில் காட்டுப்பன்றிகள் இருந்தன. கிழக்குக் கரையில் முள்ளம்பன்றிகள் இருந்தன. பெயரில் பாதி ஒன்று என்பதைத் தவிர, இரண்டு கூட்டத்துக்கும் எதிலும் ஒத்துப்போகாது.

மழைக்காலம் முடிந்ததும் இரண்டு கரைக்கும் பந்தாட்டம் நடக்கும். பந்து என்பது நன்றாக உருண்ட பனங்காய். பன்றிகள் அதை மூக்கால் முட்டித் தள்ளும். முள்ளம்பன்றிகள் பின்னங்காலால் உதைக்கும். எதிராளியின் இரண்டு மருத மரங்களுக்கு நடுவே காயை அதிக முறை அனுப்பிய கரை ஜெயித்ததாகக் கணக்கு.

தோற்ற கரைக்கு ஒரு தண்டனை உண்டு. கோடையில் தண்ணீர் இறங்கும்போது, தோற்றவர்கள் வந்து ஜெயித்தவர்களின் துறைக்கு முன்னால் வண்டல் அள்ள வேண்டும். ஜெயித்தவர்கள் கரையில் படுத்துக்கொண்டு கேலி பேசுவார்கள். பொழுது சாய்ந்தால் அவர்களே கிழங்கு கொடுத்து அனுப்புவார்கள். யார் அள்ளினாலும் ஆழமாவது ஒரே குளம்தான். குடிப்பது இரண்டு கரையும்தான். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் கேலியில் காரம் குறைந்துவிடும்.

ஆட்டம் பார்க்கக் காடே திரண்டு வரும். வருகிறவர்கள் ஆளுக்கொரு பழமோ கிழங்கோ கொண்டுவந்து குவிப்பார்கள். குவியலை இரண்டு கரையும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ளும்.

பன்றிகளின் தலைவன் கோரையன். அந்த வருஷம் அவன் கூட்டம்தான் ஜெயித்தது. ஆனாலும் கோரையனுக்கு மனசு ஆறவில்லை. பங்குக்கு வந்த பழம் கோடை முடியும்வரை போதாது. போன கோடையில் குட்டிகள் இளைத்துப் போனதை அவன் மறக்கவில்லை. இந்தக் கோடையில் ஒரு குட்டியும் வாடக்கூடாது என்று அவன் உறுதி எடுத்திருந்தான்.

உறுதி எடுத்தவனைத் தேடித்தானே தரகர்கள் வருவார்கள்? ஒரு செம்பருந்து வந்து மருத மரத்தில் உட்கார்ந்தது.

"தங்கள் ஆட்டத்தை மேலிருந்து கண்டேன். தங்கள் திறமைக்கு இந்தக் குட்டை போதாது" என்றது பருந்து.

"குட்டை இல்லீங்க, குளம்."

"இருக்கட்டும். நான் ஏழு குன்றுக் கூட்டணியின் சார்பில் வந்திருக்கிறேன். எங்கள் ஆட்டங்களுக்கு மலைக்காடு முழுவதும் கூடுகிறது. பலாவும் மாவும் மலைமலையாகக் குவிகின்றன. தங்களுக்கும் பங்கு உண்டு."

கோரையனின் காது நிமிர்ந்தது. "உங்க கூட்டணியில எத்தனை கூட்டம் இருக்கு?"

"பதின்மூன்று."

"ஏழு குன்றுன்னீங்களே?"

"அது பெயர். பெயரை எண்ணிப் பார்க்கக் கூடாது."

"எங்க ஊர்ல குன்றே கிடையாதே. சுத்துமுத்தும் சமவெளிதான்."

"கவலை வேண்டாம். நாணல்குளத்தைக் குன்று என்றே கருதுவதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம்."

கோரையன் குளத்தைத் திரும்பிப் பார்த்தான். அது குன்றாகத் தெரியவில்லை. ஆனால் பெரிய இடத்தில் தீர்மானம் போட்டுவிட்டார்கள். தன் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு நிபந்தனை" என்றது பருந்து. "கூட்டணிக்கு வெளியே யாரோடும் ஆடக்கூடாது."

மறுநாள் பன்றிகளின் பொதுக்கூட்டம் நடந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் பலாப்பழம் என்ற சொல்லைக் கேட்டதுமே ஆரவாரம் செய்தார்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் முன்வரிசையைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். மண்ணாயி என்ற கிழட்டுப் பெண்பன்றி மட்டும் எழுந்து நின்றது. சண்டை என்றால் முதல் ஆளாக வருகிற பன்றி அது.

"தலைவரே, ஒரு சந்தேகம். முள்ளுக்காரங்களோட ஆட்டம் இல்லேன்னா, தோக்குறவங்க யாரு? தோக்குறவங்க இல்லேன்னா குளத்துல வண்டல் அள்ளுறது யாரு?"

"அதான் பழம் மலைமலையா வரப்போகுதே ஆத்தா! எறும்புத்தின்னியைக் கூலிக்கு வச்சா அள்ளிட்டுப் போறான்."

"அவன் மண்ணுக்குள்ள இருக்கற எறும்புக்குத்தானே தோண்டுவான்? சேத்துல எறும்பு ஏது?"

"மண்ணாயிக்கு வயசாயிடுச்சு" என்று முன்வரிசையில் ஒரு குரல் கேட்டது. எல்லோரும் சிரித்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எதிர்த்தது ஒரு மனம்தானே, அதுவும் கிழட்டு மனம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

செய்தி கிழக்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. முள்ளம்பன்றிகளின் தலைவி ஊசியக்கா கரையைச் சுற்றிக்கொண்டு நேரே வந்துவிட்டாள். முட்கள் சிலிர்த்திருந்தன.

"என்னடா கோரையா, மலையேறப் போறியாமே?"

"ஆமா அக்கா. குட்டிங்களுக்காகத்தான்."

"போன தடவை தோத்துட்டோம். அதுக்கு இன்னும் வண்டல் அள்ளல. அள்ளிட்டு, அடுத்த வருஷம் உன்னைத் தோக்கடிச்சு, உன் மூக்கால எங்க துறையை உழ வைக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஓடுறியே."

"ஓடல அக்கா. வளர்றோம்."

"வளரு, வளரு. உன் மூஞ்சி பலாப்பழம் மாதிரி இருக்குன்னு நான் சொல்றதைக் கேக்க அங்க யாரு இருக்கா? அங்க நிஜப் பலாப்பழமே கிடக்குமாமே."

கோரையனுக்குச் சிரிப்பு வந்தது. தலைவன் ஆயிற்றே என்று அடக்கிக்கொண்டான். ஊசியக்கா சொன்ன சொல் தவறாமல் அந்தக் கோடையில் வண்டலை அள்ளி முடித்தாள். கிழங்கை மட்டும் வாங்காமல் போனாள்.

முதல் ஆட்டம் மூன்றாம் குன்றில். எதிராளிகள் வரையாடுகள். பன்றிகள் நாள்கணக்காக நடந்தன. பாறை ஏறி ஏறிக் குளம்பு தேய்ந்தது. போய்ச் சேர்ந்தபோது நிற்கவே தெம்பு இல்லை. மலைச் சரிவில் பனங்காயை ஒருமுறை முட்டினால் அது பள்ளத்தாக்கில் போய் விழுந்தது. அதை எடுத்து வருவதற்குள் வரையாடுகள் ஒரு தூக்கம் போட்டு எழுந்தன.

பன்றிகள் படுதோல்வி அடைந்தன.

கோரையன் வரையாட்டுத் தலைவன் முன்னால் போய் நின்றான். இப்போது கேலி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். வரையாடு புல் மென்றுகொண்டிருந்தது.

"எங்களை ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?" என்று அவனே கேட்டான்.

"என்ன சொல்லணும்?"

"தோத்துட்டோமே."

"அப்படியா? பரவாயில்லை. ஆமா, நீங்க எந்த ஊரு? கரடிங்கதானே?"

கோரையன் திரும்பி நடந்தான். தோற்றது அவனுக்கு வலிக்கவில்லை. தோற்றது யாருக்கும் ஒரு பொருட்டாக இல்லை என்பதுதான் வலித்தது. நாணல்குளத்தில் ஒருமுறை அவன் காய்க்குப் பதிலாகத் தரையை முட்டியதை, ஊசியக்காவின் கூட்டம் வருஷம் முழுக்க நடித்துக் காட்டியது. அப்போது அவமானமாக இருந்தது. இப்போது அதை நினைத்தபடியே மலையிறங்கினான்.

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். பருந்து பொய் சொல்லவில்லை. பழம் வந்தது. பாதி வழியிலேயே தின்று தீர்ந்தது போக மீதியும் நிறையவே இருந்தது. குட்டிகள் கொழுத்தன. முன்வரிசைக்காரர்கள் கோரையனைப் பார்க்கும்போதெல்லாம் வாழ்க என்றார்கள்.

நாணல்குளத்தின் பழைய கூட்டம்தான் காணாமல் போயிற்று. காட்டுக்கோழியும் முயலும் ஆட்டம் பார்க்க மலையேறவா முடியும்? முள்ளம்பன்றிகள் ஒருமுறை முயல்களோடு ஆடிப் பார்த்தன. முட்களைக் கண்டதும் முயல்கள் காயை விட்டுவிட்டு வளைக்குள் போய்விட்டன. அத்தோடு அதுவும் முடிந்தது.

அடுத்த மழையில் ஓடை எப்போதும்போல வண்டலைக் கொண்டுவந்து குளத்தில் கொட்டியது. கோடை வந்தது. அள்ள யாரும் இல்லை. அதற்கடுத்த மழையிலும் வண்டல் வந்தது. அந்தக் கோடையில் நாணல்குளம் தட்டு மாதிரி ஆகிவிட்டது. நடுவில் கொஞ்சம் சேறு. அதற்கு மேல் கொஞ்சம் கலங்கல் தண்ணீர்.

மேற்குக் கரையில் பலாப்பழம் குவிந்து கிடந்தது. அதன் பக்கத்தில் குட்டிகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு படுத்திருந்தன. பழம் இனித்தது. இனிப்பு மேலும் தாகத்தைக் கிளப்பியது.

கோரையன் எறும்புத்தின்னியைக் கூப்பிட்டு அனுப்பினான்.

எறும்புத்தின்னி வந்து சேற்றை முகர்ந்தது. "இதுல எறும்பு இல்லியே."

"கூலியாப் பலாப்பழம் தர்றேன். எவ்வளவு வேணுமோ எடுத்துக்க."

"எனக்குப் பல்லே கிடையாது. பழத்தை வச்சு என்ன செய்ய?"

"பின்ன என்னதான் வேணும்?"

"எறும்பு."

"எறும்புக்கு நான் எங்க போவேன்?"

"அப்ப நான் போயிட்டு வர்றேன்" என்று எறும்புத்தின்னி கிளம்பிவிட்டது.

மண்ணாயி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தது. நான்தான் அப்போதே சொன்னேனே என்று அது கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட கோரையனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"நம்மளே அள்ளலாமே ஆத்தா?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"கூப்பிட்டுப் பாரு" என்றது மண்ணாயி.

கூப்பிட்டுப் பார்த்தான். ஜெயித்தவன் வண்டல் அள்ளுவதில்லை என்றார்கள் முன்வரிசைக்காரர்கள். கடைசியாக இந்தக் குளத்தில் ஜெயித்தது நாங்கள்தானே என்றார்கள். சட்டம் அவர்கள் பக்கம் இருந்தது. தண்ணீர்தான் இல்லை.

கோரையன் தனியாகக் கிழக்குக் கரைக்கு நடந்தான். ஊசியக்கா புதர் நிழலில் படுத்திருந்தாள். அவளும் இளைத்திருந்தாள்.

"வாங்க குன்றுக்காரரே" என்றாள். "வழி தவறி வந்துட்டீங்களா?"

"குத்திக் காட்டாத அக்கா."

"முள்ளு இருக்கறவ குத்தாம என்ன செய்வா? உட்காரு. எங்களையும் ஒரு பருந்து வந்து கூப்பிட்டுச்சு, தெரியுமா? கடற்கரைக் கூட்டணியாம். கடல் எங்கன்னு கேட்டேன். இந்தக் கூட்டணியில யாருமே இன்னும் கடலைப் பாத்ததில்லை, ஆனா ஏற்பாடு நடக்குதுன்னுச்சு. வேண்டாம்னுட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் எதிர்க்கரையில் ஒரு குட்டி தண்ணீருக்காக முனகும் சத்தம் கேட்டது.

"குளத்தை அள்ளணும் அக்கா" என்றான் கோரையன். "உங்க ஆளுங்களும் வந்தா நல்லாருக்கும்."

"சும்மா வந்து அள்ள நாங்க என்ன உன் கூலிக்காரங்களா? தோத்தா அள்ளுவோம். தோக்கறதுக்கு ஆட்டம் வேணும்ல?"

"உங்களோட ஆடினா கூட்டணியை விட்டு நீக்கிடுவாங்க."

"அப்ப பலாப்பழத்தைப் பிழிஞ்சு குட்டிக்குக் குடு" என்று ஊசியக்கா மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கோரையன் அவளைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய் நின்றான். பிறகு சொன்னான்: "நாளைக்குக் காலையில, குளத்துக்குள்ளயே ஆடலாம். ஓரமெல்லாம் காய்ஞ்சுதான் கிடக்கு. வரப்போறியா, இல்ல முள்ளு உதிர்ந்து போச்சா?"

ஊசியக்கா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "அடேய், இந்த வாய் இத்தனை நாள் எங்கடா போயிருந்துச்சு?"

காலையில் காய்ந்த குளத்துக்குள் ஆட்டம் தொடங்கியது. எப்படியோ செய்தி பரவி, காட்டுக்கோழியும் முயலும் கரை நிறைய வந்து குந்தின. பாதி ஆட்டத்தில் செம்பருந்து வந்து தலைக்கு மேல் வட்டமிட்டது.

"கோரையரே, இது ஒப்பந்த மீறல். உடனே நிறுத்துங்கள். இல்லையென்றால் இனி ஒரு பலாச்சுளைகூட வராது."

கோரையன் மூக்கைத் தூக்கி மேலே பார்த்தான். "சாமி, நிழல் காய் மேல விழுது. கொஞ்சம் தள்ளிப் பறங்க."

பருந்து கோபத்தோடு மலைப்பக்கம் பறந்தது. முன்வரிசைக்காரர்களுக்கு வருத்தம்தான். ஆனால் முள்ளம்பன்றிகள் முதல் முறை காயை இலக்குக்குள் அனுப்பியதும் வருத்தத்தை மறந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்கள்.

பன்றிகள் உயிரைக் கொடுத்து ஆடின. அப்படியும் கடைசி நேரத்தில் ஊசியக்கா உதைத்த காய் கோரையனின் காலிடுக்கில் புகுந்து இலக்கைத் தாண்டிவிட்டது. பன்றிகள் தோற்றன.

வழக்கப்படி அன்றே வண்டல் அள்ளத் தொடங்கினார்கள். சட்டம் பேசியவர்களும் அள்ளினார்கள். இப்போது சட்டம் அவர்களை அள்ளச் சொன்னது. கோரையன்தான் முதலில் இறங்கி மூக்கால் உழுதான். கரையில் முள்ளம்பன்றிகள் வரிசையாகப் படுத்துக்கொண்டன.

"ஏழு குன்றையும் தாண்டினவரு, ஒரு காயைத் தாண்டவிட்டுட்டாரே" என்றது ஒன்று.

"கால் நடுவுல பள்ளத்தாக்கு இருக்குன்னு காய்க்குத் தெரிஞ்சிருக்கு" என்றது இன்னொன்று.

"கோரையா, அங்க ஓரத்துல ஒரு கூடை மண்ணு மிச்சம் இருக்கு பாரு. உன் மூஞ்சி அளவுக்கு இருக்கும்" என்று ஊசியக்கா கத்தினாள்.

எத்தனையோ குன்றுகளில் எத்தனையோ முறை தோற்றவன் கோரையன். அங்கே யாரும் அவனைப் பேர் சொல்லித் திட்டியதில்லை. அவன் சேற்றுக்குள்ளேயே குனிந்து, யாரும் பார்க்காதபடி சிரித்துக்கொண்டு, இன்னும் ஆழமாக உழுதான். மூக்குக்குக் கீழே மண் குளிர்ந்தது. பிறகு ஊற்று ஒன்று மெல்லக் கொப்பளித்து வந்தது. இரண்டு கரைக் குட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடிவந்து வாயை வைத்தன.

பக்கத்துக் கரையில் நின்று நம்மைப் பேர் சொல்லித் திட்டுகிற எதிராளியும் நம் வாழ்வுக்குத் துணைதான். பேர்கூடத் தெரியாத பணக்காரக் கூட்டாளிக்காக அவனை இழப்பவன், சேர்த்த செல்வத்தின் பக்கத்திலேயே தவித்துக் கிடப்பான்.