ஏரிக்கு ஓடிப்போன வயித்துக் கிருமிகள்

மொட்டணம்பட்டிக்காரர்கள் மகா புத்திசாலிகள். அவர்களே சொல்லிக்கொள்வார்கள். வேறு யாரும் சொன்னதாகத் தகவல் இல்லை.

ஊர்த்தலைவர் ஏகாம்பரத்துக்கு அந்த வாரம் தூக்கமே போச்சு. மகள் தில்லைநாயகிக்கு எட்டு நாளில் கல்யாணம். சம்பந்தி விவரமான ஆள். "உங்க ஏரித் தண்ணியிலதானே சமையல்? சுத்தம்னு லேப் ரிப்போர்ட்டைக் காட்டுங்க, அப்புறம்தான் தாலி" என்றுவிட்டார்.

லேப்பிலிருந்து ஒரு அம்மா போன் பண்ணினாள். "ஐயா, நீங்க அனுப்பின ஏரித் தண்ணியில ஒரு கிருமி இருக்கு. அதுக்கு மனுஷன் குடல்தான் வீடு. அது ஏரியில இருந்தா, உங்க ஊர்க் கழிவு அதுல கலக்குதுன்னு அர்த்தம். ஆயிரம் இருக்கு!"

உடனே ஊர்க்கூட்டம். எங்கே? ஏரிக்கரையில், ஊர்க் கக்கூஸ் தண்ணி மொத்தமும் வந்து கொட்டுகிற குழாய் மேல். நல்ல அகலமான குழாய், வரிசையாக உட்கார வசதி.

"நம்ம வயித்துக் கிருமி எதுக்குய்யா வீட்டை விட்டு ஓடிச்சு?" என்றார் ஏகாம்பரம்.

"சாப்பாடு பிடிக்காம கோவிச்சுக்கிட்டுப் போயிருக்கும்" என்றார் உபதலைவர் சடகோபன்.

"அப்பா, நீங்க உட்கார்ந்திருக்கிற குழாயை அடைச்சாலே போதும்" என்றாள் தில்லைநாயகி.

"கல்யாணப் பொண்ணு, நீ சும்மா இரும்மா. குழாயை அடைச்சிட்டா தண்ணி எங்கே போகும்?" என்றார் ஏகாம்பரம்.

"ஓடிப்போனதை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட வேண்டியதுதான்" என்று தீர்ப்பானது. ஆளுக்கு ரெண்டு சொம்பு ஏரித் தண்ணி. ஏகாம்பரம் பெண்ணைப் பெற்றவராச்சே, நாலு சொம்பு குடித்தார்.

பொழுது சாய்வதற்குள் ஊரே கக்கூஸ் வாசலில் வரிசை கட்டி நின்றது. இடம் கிடைக்காதவர்கள் ஏரிக்கரைக்கு ஓடினார்கள். எல்லாருக்கும் முன்னால் ஓடினவர் ஏகாம்பரம். பேதி என்ன தலைவர் என்று பார்த்தா வருகிறது?

நாலாம் நாள் அடுத்த ரிப்போர்ட். பத்து லட்சம்! "சம்பந்தமே வேண்டாம் சாமி" என்று சம்பந்தி போனை வைத்துவிட்டார். ஏகாம்பரம் அதே குழாய் மேல் உட்கார்ந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

சடகோபன் ரிப்போர்ட்டை உற்றுப் பார்த்தார். "அண்ணே, அழாதீங்க. அன்னைக்கு ஆயிரம், இன்னைக்குப் பத்து லட்சம். வீட்டுக்குப் போன கிருமி கல்யாணச் சேதி கேட்டு, சொந்தபந்தத்தை எல்லாம் கூட்டிக்கிட்டு வந்திருக்குண்ணே!"

ஏகாம்பரம் கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளை வீட்டில் மொத்தமே இருநூறு பேர்தான் வருவதாக இருந்தார்கள். அவர் குழாய் மேல் ஏறி நின்று கத்தினார்:

"பத்து லட்சம் பேர் வந்து காத்துக் கிடக்காங்க, இன்னும் இலை போடாம என்னய்யா பண்றீங்க?"