ஐந்தாம் நடை

கடல் ஊருக்குள் புகுந்த ஆண்டில் மிளகு வணிகன் சேந்தன் தன் கிடங்கை இழந்தான். அவனிடம் மூட்டை சுமந்த பதினோரு பேரும் அன்று மாண்டார்கள்.

மூன்றே ஆண்டில் மறுபடி எழுந்தான். கரையில் கல்லால் கிடங்கு கட்டினான். பின்னால் இருந்த மேட்டில் இன்னொன்று. நடுவே ஒரு மணி தொங்கவிட்டான்.

எல்லாம் முடிந்ததும் தன் குருவை அழைத்து வந்தான். குரத்தியார் என்று ஊர் அழைக்கும் சமணப் பெண்துறவி அவர். சேந்தனைவிடப் பத்து வயது இளையவர்.

“இனி ஒரு கடல் வந்தால் என் வணிகம் பிழைக்குமா, அம்மையே?”

“மணி அடித்தால் என்ன நடக்கும்?”

“ஆட்கள் சரக்கை மேட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். மாதம் ஒருமுறை பழக்குகிறேன்.”

“இந்தப் படியில் உட்கார். நீ செத்துவிட்டாய். வாய் திறக்காதே.”

அவரே போய் மணியை அடித்தார்.

ஆட்கள் ஓடி வந்தார்கள். முதலாளியின் முகத்தைப் பார்த்தார்கள். பழகியபடி மூட்டைகளைத் தூக்கினார்கள். ஏறினார்கள், இறங்கினார்கள். ஒருவரும் இடறவில்லை. சேந்தனுக்குப் பெருமையாக இருந்தது.

“தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது!” என்று குரத்தியார் உரக்கச் சொன்னார்.

நடை விரைந்தது.

“இடுப்புக்கு வந்துவிட்டது!”

இன்னும் விரைந்தது.

மூட்டையை மேட்டில் இறக்கிவிட்டு நங்கை என்ற பெண் கீழே ஓடி வந்தாள். குரத்தியார் மறித்தார்.

“எங்கே போகிறாய்?”

“இன்னும் நாற்பது மூட்டை கிடக்கிறது, தாயே.”

“தண்ணீர் இடுப்பளவு என்றேனே.”

“காதில் விழுந்தது.”

“மேட்டிலேயே நின்றுவிட்டால் என்ன?”

நங்கை படியில் இருந்தவனை ஒருமுறை பார்த்தாள்.

“நிற்கலாம் என்று யாரும் சொன்னதில்லை. கடல் வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் இந்த மேட்டில் மூட்டையைப் போட்டுவிட்டு ஐந்தாம் நடைக்கு இறங்கினார், நான் பார்த்தேன். மற்றவர்களும் அவர் பின்னால்தான் இறங்கினார்கள்.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தப் பதினோரு பேரும் தப்பி ஓடும்போது அகப்பட்டார்கள் என்றே சேந்தன் இத்தனை நாள் நினைத்திருந்தான். யாரிடமும் கேட்டதில்லை.

எழுந்து ஓடிக் கிடங்கு வாசலை மறித்து நின்றான். “போதும்! போட்டுவிடுங்கள்! போட்டுவிட்டு மேலே போங்கள்!”

ஆட்கள் விழித்தார்கள். ஒருவரும் மூட்டையைக் கீழே போடவில்லை.

சேந்தன் குருவிடம் திரும்பினான்.

“அம்மையே, நான் கேட்டதற்கு...”

“பிழைக்கும், சேந்தா,” என்றார் குரத்தியார். “ஒரு மூட்டைகூட நனையாது.”